கருத்தரங்குக்குப் போகும் முன் ஏ.ஆர். நோட்டைப் புரட்டுங்கள்

கேள்வி: நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் 11 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலும் கேஷுவாலிட்டி டியூட்டி. குடும்ப வன்முறை, பாலியல் வன்கொடுமைத் தடுப்பு பற்றி அடுத்த மாதம் சென்னையில் இரண்டு நாள் கருத்தரங்கு நடக்கிறது. எங்கள் கண்காணிப்பாளர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். இங்கே வந்த ஒரு பெண்ணின் கேஸைப் பற்றி 10 நிமிடம் பேசவும் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொல்லி நான் எடுத்த அந்தப் பெண்ணின் காயப் படங்கள் என் போனில் இருக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நான் போனதே இல்லை. எதைத் தயார் செய்ய வேண்டும், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும்? இன்னொன்று. நானும் என் கணவரிடம் அடி வாங்கியவள்தான். பிரிந்து வந்து ஆறு வருடமாகிறது. வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே உட்கார்ந்து கேட்கும்போது உடைந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் படங்கள். மற்றதெல்லாம் பிறகு. சொந்த போனில் எடுத்த படம் நமக்கே தெரியாமல் கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கே ஒரு நகல், அவர் போனில் இன்னொன்று. கண்காணிப்பாளரிடம் சொல்லி, படங்களை அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் செய்யுங்கள். எடுத்த தேதி, நேரம், எடுத்தவர், எடுக்கச் சொன்னவர் ஆகிய விவரங்களை எழுதி டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போடட்டும். வழக்கு நடக்கிறதென்றால் அது சாட்சியம், நீங்களாக அழித்துவிடாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு போனிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். மேடையில் காட்டவே வேண்டாம், முகத்தை மறைத்தாலும் சரி. கையில் குத்திய பச்சை, கழுத்துக் கயிறு, பின்னால் தெரியும் கட்டில் எண் என்று ஆளைக் காட்டிக்கொடுக்க எத்தனையோ இருக்கின்றன.

அடுத்து அந்தப் 10 நிமிடப் பேச்சு. பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இப்படி ஒரு குறிப்பை வைத்துப் பாருங்கள்: ‘சத்துணவு மையத்தில் வேலை செய்யும் 34 வயதுப் பெண், இரட்டைப் பிள்ளைகள், கணவர் லாரி ஓட்டுநர், தீபாவளிக்கு முந்தின இரவு, இடது புருவத்துக்கு மேல் ஆறு தையல்.’ இதில் பெயரே இல்லை. ஆனால் உங்கள் மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் ஒருவர் இரண்டாவது வரியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். மாலையில் அது ஊருக்குப் போய்ச் சேரும், இரவுக்குள் அந்தக் கணவன் காதுக்கும் போகும். அதன் பிறகு அவளுக்கு நடப்பதை நாம் தடுக்க முடியாது. பாலியல் குற்றமாக இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரியவரும் எதையுமோ வெளியிடுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மறைமுகமாகக்கூட அடையாளம் வெளிவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நிபுண் சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதனால் அவள் கதையை விட்டுவிட்டு உங்கள் மருத்துவமனையின் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பெண் அதற்கு முன் எத்தனை முறை வந்தாள்? ஒவ்வொரு முறையும் ஏ.ஆரில், அதாவது காயத்தோடு வருபவர்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டில், என்ன எழுதினோம்? யார் கூட வந்தார்கள், அவளிடம் தனியாக யாராவது பேசினோமா? எந்த இடத்தில் கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை? வயதை ‘முப்பதுகளில்’ என்று சொல்லுங்கள். தொழில், பண்டிகை, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேட்பவர்களுக்கு அதனால் எந்தக் குறையும் வராது. அவளைத் தொடர்புகொள்ள பாதுகாப்பான வழி இருந்தால், இப்படிப் பேசப்போவதைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கேஸை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பேசுங்கள்.

அந்த எண்ணிக்கை உங்களிடம்தான் இருக்கிறது. கண்காணிப்பாளரின் அனுமதியோடு கடந்த மூன்று மாத ஏ.ஆர். நோட்டை எடுத்து, பெண்களின் பதிவுகளை மட்டும் பாருங்கள். ‘வழுக்கி விழுந்தது’, ‘கதவில் இடித்தது’, ‘படியில் தவறியது’ என்று எழுதப்பட்டவை எத்தனை? அவற்றில் காயம் முகத்திலோ, முன்கையின் சுண்டுவிரல் பக்கத்திலோ இருந்தவை எத்தனை? வழுக்கி விழுபவர் கையை ஊன்றுவார். உள்ளங்கையும் மணிக்கட்டும் அடிபடும். அடியைத் தடுக்கக் கையை உயர்த்துபவருக்கு முன்கையின் வெளிப்புறம் அடிபடும். நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒரே உடம்பில் வெவ்வேறு நிறக் கன்றல்கள், அடிபட்டு இரண்டு நாள் கழித்து வந்தது, ஒரே பெண் மறுபடி மறுபடி வந்தது எல்லாவற்றையும் எண்ணுங்கள். இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய இடங்கள் இவை. பெயர்களை எழுதிக்கொண்டு போகாதீர்கள், எண்கள் போதும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், இந்திய அளவில், வன்முறைக்கு ஆளானவர்களில் அதை நிறுத்த யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். இந்த எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் ஏ.ஆர். எண்ணை வையுங்கள்.

இன்னொன்றையும் அந்த நோட்டில் கவனியுங்கள்: ‘தெரிந்த ஒரு நபர் தாக்கியதாகக் கூறுகிறார்’ என்ற வரி. அந்தத் தெரிந்த நபர் பெரும்பாலும் கணவன். அவள் ‘வீட்டுக்காரர்’ என்று சொல்ல, நாம் ‘தெரிந்த நபர்’ என்று எழுதிவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் அவளுக்கு உதவாது. உறவு, எதனால் அடித்தது, எங்கே, எப்போது என்று அவள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்களிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஓ.பி. சீட்டு வேறு விஷயம். அதைக் கணவன் வாங்கிப் படிப்பான். அதில் மருந்து மட்டும் இருக்கட்டும்.

கருத்தரங்கில் எந்த அமர்வுக்குப் போவது? நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தடயச் சேகரிப்பு, கேஷுவாலிட்டியில் அடையாளம் காண்பது, பாதுகாப்புத் திட்டம் போன்ற செய்முறை அமர்வுகள் இருந்தால் அவற்றில் உட்காருங்கள். தலைமை உரைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

செய்முறை அமர்வில் கட்டாயம் கேட்க வேண்டியது கழுத்தை நெரிப்பது பற்றி. நம் கேஷுவாலிட்டியில் இதை யாருமே கேட்பதில்லை, அவளும் தானாகச் சொல்வதில்லை. ‘அடிச்சாரு, கழுத்தப் புடிச்சாரு’ என்று சேர்த்துச் சொல்லிப் போய்விடுவாள். நாம் உதட்டுக் காயத்தைத் துடைத்துக்கொண்டிருப்போம். கழுத்து ரத்தக் குழாய் அழுந்தினால் 10 முதல் 15 விநாடிக்குள் நினைவு போய்விடும். வெளியே தடம் இருக்க வேண்டும் என்பதில்லை: அமெரிக்காவின் சான் டியாகோவில் 300 வழக்குகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேர் கழுத்தில் எந்தக் காயமும் தெரியவில்லை. குரல் கரகரப்பு, எச்சில் விழுங்கும்போது வலி, கண் வெள்ளையிலும் காதுக்குப் பின்னும் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள், நடுவில் கொஞ்ச நேரம் ஞாபகம் இல்லாமல் போனது, சிறுநீர் தானாகப் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அதனால் இந்த அறிகுறிகளில் ஏதாவது இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பிவிடாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரெஃபர் செய்ய டாக்டரிடம் சொல்லுங்கள். காரணம் மருத்துவம் மட்டும் இல்லை. ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அன்றிரவு அவளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை இந்த ஒரு கேள்வி தீர்மானிக்கும்.

கேட்கும் முறையையும் அங்கே பழகிக்கொள்ளுங்கள். ‘வீட்ல எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்களா?’ என்றால் ‘ம், நல்லாத்தான்’ என்ற பதில்தான் வரும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல். ஊசி போட வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று தனியே அழைத்துக்கொண்டு போய், ‘இந்த மாதிரி காயத்தோட வர்றவங்கள்ல சில பேர வீட்ல யாராவது அடிச்சிருப்பாங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்துச்சாம்மா?’ என்று கேளுங்கள். பிறகு, ‘இன்னிக்கு வீட்டுக்குப் போக பயமா இருக்கா?’ மகளிர் உரிமைத் தொகை வரும் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டாலே பண விஷயத்தில் அவள் எந்த அளவு கட்டுப்படுத்தப்படுகிறாள் என்று தெரிந்துவிடும். ‘ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டீங்க?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அவள் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டாள்.

பாலியல் வன்கொடுமை அமர்வில் உங்கள் மருத்துவமனை நடைமுறையை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு, தனியார் எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும். காவல் துறைக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் போலீஸ் வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. தடயம் எடுக்க அவள் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. இவை இரண்டும் இரவு இரண்டு மணிக்கு உங்கள் கேஷுவாலிட்டி அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது பார்மசி திறக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டுமா என்று ஊருக்குப் போனதும் பாருங்கள். துணிகளை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 31 அக்டோபர் 2022 அன்று சொல்லிவிட்டது. உங்கள் பழைய படிவத்தில் அதற்கு இன்னும் இடம் இருந்தால் படிவத்தை மாற்றச் சொல்லுங்கள். வந்தவள் 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம், அவளுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும்.

கணவன் கட்டாயப்படுத்தி உறவு கொண்டால் சட்டத்தில் வழியில்லை என்று மருத்துவமனைகளில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது பாதி உண்மை. 18 வயது நிரம்பிய மனைவி விஷயத்தில் வன்புணர்ச்சிக் குற்றப் பிரிவு கணவனுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அவள் அதன் கீழ்ப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மனு வந்தால் நடுவர் நீதிமன்றம் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணையை வைக்க வேண்டும். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை போடலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்ந்தவள் வசிப்புரிமை கேட்க முடியும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தச் சட்டத்தில் உங்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு விதிகளில் 17-வது. வரும் பெண்ணுக்காக ஏற்கெனவே குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவாகவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான படிவம் 1-ஐ நிரப்பி, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும். மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் படிவத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. படிவம் போன பிறகு யாராவது அவள் வீட்டு எண்ணுக்கு அழைத்து, கணவன் எடுத்துவிட்டால்? அதனால் நிரப்பும்போதே எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவளிடம் கேட்டு, மேலே பெரிதாக எழுதுங்கள்.

மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்து வருபவர்களிடம் கேளுங்கள்: எங்களிடமிருந்து படிவம் 1 வந்தால் முதல் அழைப்பு யார் செய்வீர்கள், எத்தனை நாளில்? மகளிர் காவல் நிலையத்திலிருந்து வருபவர்களிடம்: புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்த பிறகு என்ன நடக்கும், கழுத்து நெரிப்பு இருந்தால்கூட இரண்டு பேரையும் கூப்பிட்டு எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறீர்களா? இதைப் பணிவாக, ஆனால் நேராகக் கேளுங்கள். சமரசம் பேசி அனுப்பிய அன்றிரவுதான் பல பெண்கள் அதிக அடி வாங்குகிறார்கள், ‘என்னப் போய் ஸ்டேஷன்ல நிக்க வெச்சியே’ என்று. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து யாராவது வந்தால் அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு வழக்கறிஞர் இலவசம். உதவி எண் 15100. மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் மாவட்டத்து ஆட்களோடு உட்காருங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் நிர்வாகி உங்களுக்கு முகம் தெரிந்தவராகிவிட்டால், நள்ளிரவில் நீங்கள் கூப்பிடும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இப்போது நீங்கள் கடைசியாக எழுதியது. அழுகை வரும் என்று பயப்படுகிறீர்கள். வரலாம். அதை வைத்து நீங்கள் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் பாதிக்கப்பட்டவர்கள் பேசும் அமர்வு, காணொளி எவை என்று முன்பே குறித்துவைத்து, வேண்டாம் என்றால் வெளியே இருங்கள். வரிசையின் ஓரத்தில், கதவுக்கு அருகே உட்காருங்கள். எழுந்து போவதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு நடுங்கத் தொடங்கினால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். தங்கும் அறை இன்னொருவரோடு பகிர்வதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு பேச ஒரு தோழியோ அக்காவோ இருந்தால் அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். யாரும் இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழு விவாதத்தில் ‘சொந்த அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று யாராவது கேட்டால் ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். உங்கள் கதை உங்களுடையது. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு மட்டுமே. திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நைட் டியூட்டிக்குப் போகாதபடி ஒரு நாள் விடுப்பு இப்போதே கேட்டு வாங்குங்கள். அந்த மனிதர் இன்னும் உங்களைத் தொந்தரவு செய்கிறார் என்றால், பிரிந்து ஆறு வருடமானாலும் மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். எப்போதோ ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் போதும்.

அங்கே கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களை அள்ளிக்கொண்டு வந்து பெண்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். கைப்பையில் அதைக் கணவன் பார்த்தால் அன்றைக்கு அடி நிச்சயம். 181 என்ற மகளிர் உதவி எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் அவள் தனியாக இருப்பாள். ஆதார், ஸ்மார்ட் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நான்கையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கையில் காசில்லை என்பவளுக்கு, சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் வேண்டியதில்லை என்பதையும், எந்த பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்கினால் சேவை மையம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

ஊருக்கு வந்த முதல் வாரத்தில் படிவம் 1-ஐ 10 நகல் எடுத்து, கேஷுவாலிட்டி மேஜையின் முதல் இழுப்பறையில் வையுங்கள். மேல் நகலில் பாதுகாப்பு அலுவலர், சேவை மையம், மகளிர் காவல் நிலையம் மூன்று எண்களையும் எழுதுங்கள். அடுத்த நைட் டியூட்டியில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘சோதனைக்காகக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி மூன்றுக்கும் ஒருமுறை அழையுங்கள். எடுக்காத எண்ணை அடித்துவிட்டு, எடுக்கும் எண் எது என்று மறுநாள் காலையிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.